பாதியில் விட்டுவிடாத எடைக்குறைப்பு

எடை குறைக்கத் தொடங்கும் பலர் முதல் இரண்டு மாதம் குறையில்லாமல் செய்கிறார்கள். மூன்றாம் மாதம் பசி கூடுகிறது, எடை அப்படியே நிற்கிறது, ஒரு விருந்துக்குப் போய்வந்த பிறகு பழைய சாப்பாட்டு முறை சத்தமில்லாமல் திரும்பிவிடுகிறது. "மனசைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை" என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வார்கள். எடை குறைக்க முயன்றவர்களும் அதை நம்பிவிடுவார்கள். அந்தப் பழியை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள்.

சர்க்கரை நோய்க்கான ஒரு வகை மாத்திரை, ரத்தத்திலுள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும். அதைச் சாப்பிடுபவருக்குத் தெரியாமலே தினமும் கொஞ்சம் கலோரி கழிந்துகொண்டிருக்கும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் அப்போது இருந்த கெவின் ஹாலும் அவர் குழுவினரும் இப்படிப்பட்டவர்களின் ஓராண்டு எடை விவரங்களை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். ஒரு கிலோ எடை குறைந்தால் உடல் செலவிடும் ஆற்றல் நாளுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ நாளுக்குச் சுமார் 100 கலோரி அளவுக்குக் கூடுகிறது. அந்தக் கணக்கில், 8 கிலோ குறைத்தவரைப் பழைய எடைக்கு இழுக்கும் பசி தினமும் 800 கலோரி. ஒரு வேளைச் சாப்பாட்டையே விழுங்கும் அளவு அது. ஆகவே எந்தத் திட்டத்தைக் கையில் எடுத்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பசி வந்து வாசலில் நிற்கும்போது இது தாங்குமா? கீழே உள்ளவை அத்தனையும் அந்தக் கேள்விக்கான ஏற்பாடுகள்.

முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

இன்சுலினோ, சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகளோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு எடை குறையக் குறையத் தலைசுற்றல் வரலாம். மருந்தின் அளவை மருத்துவர்தான் மாற்ற வேண்டும். நீங்களாக நிறுத்தக் கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 18 வயது நிரம்பாதவர்கள், சிறுநீரக நோயாளிகள், பட்டினி கிடப்பதும் அளவு மீறி உண்பதுமாக உண்ணல் கோளாறில் சிக்கி மீண்டவர்கள் ஆகியோர் தனியாகத் தொடங்க வேண்டாம். எந்த முயற்சியும் இல்லாமல் ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் எடையில் 5 சதவீதம் குறைந்திருந்தால் அது நல்ல செய்தி என்று விட்டுவிடாதீர்கள். காரணம் என்னவென்று பரிசோதிக்க வேண்டும்.

செமாகுளூடைட் போன்ற ஊசி போடுபவர்களுக்கும் இந்த வழிகாட்டி பொருந்தும். அந்த மருந்து பசியை அடக்குகிறது; நிறுத்தினால் பசி திரும்புகிறது. அதை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வில், மருந்தை நிறுத்திய ஒரு வருடத்துக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. மருந்து வேலை செய்யும் காலத்திலேயே பழக்கங்களையும் ஊன்றிவிட வேண்டும்.

இலக்கும் வேகமும்

முதல் இலக்கு, இப்போதைய எடையில் 5 முதல் 7 சதவீதம். கல்யாணத்தின்போது இருந்த எடையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இந்த 7 சதவீதத்துக்குப் பின்னால் வலுவான சான்று இருக்கிறது. சர்க்கரை நோய் வரும் அபாயத்தில் இருந்தவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2002-இல் வந்தது. 7 சதவீத எடைக்குறைப்பையும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியையும் இலக்காக வைத்த குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. 82.4 கிலோ இருப்பவருக்கு 7 சதவீதம் என்றால் 5.8 கிலோ, இலக்கு ஏறத்தாழ 76.5.

வேகம் வாரத்துக்கு அரைக் கிலோ போதும். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. தினமும் 500 கலோரி குறைத்தால் வாரம் 3,500. அதாவது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. போகப்போக இது இன்னும் மெதுவாகும். முதல் வாரத்தில் ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கினால் ஏமாந்துவிடாதீர்கள். உடலில் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து, ஒவ்வொரு கிராமுக்கும் மூன்று கிராம் அளவில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் அந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் போகிறது. இரண்டாவது வாரம் இந்த வேகம் நின்றுபோகும். அதைத் தோல்வி என்று எண்ணி அங்கேயே விட்டுவிடுபவர்கள் உண்டு.

இதைவிட வேகமாகப் போனால் பசி கூடும், கொழுப்போடு தசையும் கரையும், வாரம் ஒன்றரைக் கிலோவைத் தாண்டினால் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு ஏறும், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக்கொத்தாகக் கொட்டவும் கூடும்.

முதல் இரண்டு வாரம்: எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

இதைத் தாண்டிப் போகத்தான் எல்லாருக்கும் ஆசை. தாண்டாதீர்கள். எவ்வளவு முயன்றும் எடை குறையவில்லை என்றவர்களை வைத்து 1992-இல் ஓர் ஆய்வு நடந்தது. அவர்கள் சாப்பிட்டதாகச் சொன்னதைவிட உண்மையில் சாப்பிட்டது ஏறக்குறைய இருமடங்கு. பொய் சொன்னவர்கள் என்று அவர்களை நினைக்க வேண்டாம். சமைக்கும்போது வாயில் போட்டுப் பார்த்தது, குழந்தை மிச்சம் வைத்தது, பேசிக்கொண்டே கொறித்தது எதுவும் நினைவில் தங்குவதில்லை. சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் எழுதிவிடுங்கள். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு, அப்போது பசித்ததா இல்லையா என்ற நான்கு விஷயம் போதும். நோட்டு, செயலி எதுவானாலும் சரி.

எண்ணெயை மட்டும் கூடுதல் அக்கறையோடு பாருங்கள், ஏனென்றால் கண்ணில் படாமல் உள்ளே போகும் கலோரி அதில்தான் அதிகம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. சமைப்பதற்கு முன் எண்ணெய்ப் பாட்டிலைச் சமையல் தராசில் வையுங்கள். சமைத்து முடித்ததும் மறுபடி வையுங்கள். முதலில் 812 கிராம், பிறகு 767 கிராம் என்றால் போனது 45 கிராம். கிராமுக்கு 9 கலோரி வீதம் 405. மூன்று பேர் பகிர்ந்தால் தலைக்கு 135 கலோரி, ஒரே வேளையில். நான்கு நாள் இப்படி நிறுத்துப் பார்த்தால் பிறகு கை தானாகவே குறைத்து ஊற்றும். வறுக்க வேண்டியதை மூடி போட்டு வேகவைத்து, கடைசியில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டால் இந்த 45 கிராம் பாதியாகிவிடும். சாப்பாட்டின் அளவு குறையாது, பசியும் கூடாது.

இரண்டு வாரம் முடிந்ததும் நோட்டைப் புரட்டி, பசியில்லாமல் சாப்பிட்டவற்றைச் சிவப்பு மையில் கோடிடுங்கள். முதல் 300 கலோரி பெரும்பாலும் அந்தக் கோடுகளுக்குள்ளேயே கிடைத்துவிடும். சர்க்கரை போட்ட குளிர்பானம் 330 மில்லி என்றால் கிட்டத்தட்ட 140 கலோரி. வயிறு அதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. குறைப்பதை அங்கிருந்து தொடங்குங்கள்.

எடை பார்ப்பது எப்படி

தினமும் பாருங்கள், ஆனால் அன்றைய எண்ணை நம்பாதீர்கள். காலையில் கழிவறை போய்வந்த பிறகு, எதுவும் குடிப்பதற்கு முன், ஒரே மாதிரி மெல்லிய உடையில். எடை இயந்திரம் கடினமான சமதளத்தில், எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். விரிப்பின் மேல் வைத்தால் எண் மாறும்.

சாப்பாட்டைக் குறைக்கத் தொடங்கிய ஒருவரின் உதாரணம். முதல் வாரம் ஏழு நாளும் வந்த எண்கள்: 82.4, 82.1, 82.6, 81.8, 82.0, 83.1, 82.7. இரண்டாம் வாரம்: 82.5, 82.0, 81.7, 81.9, 81.6, 81.4, 82.6. முதல் நாள் 82.4 இருந்தவர் பதினான்காம் நாள் 82.6 காட்டுகிறார். இரண்டு எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டு வாரம் வாயைக் கட்டியும் 200 கிராம் ஏறியிருக்கிறது. ஏழு நாளையும் கூட்டி ஏழால் வகுத்துப் பாருங்கள்: முதல் வாரச் சராசரி 82.4, இரண்டாம் வாரச் சராசரி 82.0. திட்டம் சரியாகத்தான் வேலை செய்கிறது. கடைசி நாள் ஏறியது முந்தைய இரவின் உப்பு, குடலில் இருக்கும் உணவு, கடுமையான உடற்பயிற்சிக்குப் பின் தசையில் தேங்கிய நீர் இவற்றில் ஏதோ ஒன்று. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் பெண்களுக்கு ஒரு கிலோவுக்கு மேல்கூட ஏறும். அவர்கள் இந்த மாதத்தின் ஒரு வாரத்தைப் போன மாதத்தின் அதே வாரத்தோடு ஒப்பிடுவது நல்லது.

இடுப்பளவை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளங்கள். எடை நிற்கும்போதும் இடுப்பு குறையும் மாதங்கள் உண்டு. தினமும் எடை பார்த்தால் மனம் நொந்துபோகிறது என்பவர்கள் வாரம் மூன்று நாள் பார்த்துச் சராசரி எடுக்கலாம்.

தட்டில் என்ன இருக்க வேண்டும்

எந்த டயட் நல்லது என்ற சண்டையில் நேரத்தை வீணாக்காதீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃபர் கார்ட்னர் தலைமையில் 609 பேரை வைத்து ஓராண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இழந்தார்கள். குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. உங்களால் இன்னும் இரண்டு வருடம் சாப்பிட முடிகிற முறை எதுவோ அதுதான் உங்களுக்கானது. ஆனால் எந்த முறையானாலும் மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

முதலாவது புரதம். பசியை நீண்ட நேரம் அடக்குவதும் தசையைக் காப்பதும் இதுதான். இலக்கு எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் என்று வைத்தால் 76.5 கிலோவுக்கு 92 கிராம். மூன்று வேளைக்குப் பிரித்தால் வேளைக்கு 30 கிராம். 30 கிராம் புரதம் கண்ணுக்கு எப்படி இருக்கும்? தோல் நீக்கிய கோழி நெஞ்சுக்கறி வெந்தபின் 100 கிராம். அல்லது இரண்டு முட்டையும் 200 கிராம் வெந்த பருப்பும். காலை உணவில்தான் பலருக்கும் புரதம் மிகக் குறைவாக இருக்கிறது, மாலை ஐந்து மணிக்கு வரும் பசிக்கு அதுவும் ஒரு காரணம். எனவே முதல் திருத்தத்தைக் காலையில் செய்யுங்கள்.

இரண்டாவது, தட்டில் பாதி காய்கறி. இடம் அடைக்கும், மெல்ல நேரம் எடுக்கும், கலோரி குறைவு. தானிய உணவைக் கால் தட்டுக்குக் குறைப்பதைவிட, காயை முதலில் பரிமாறி மிஞ்சிய இடத்தில் மற்றதை வைப்பது எளிது. நார்ச்சத்தைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள், தண்ணீரும் கூட வேண்டும்.

மூன்றாவது, பாக்கெட்டில் வரும் ஆலைத் தயாரிப்புகளை வீட்டுக்குள் விடாமல் இருப்பது. கெவின் ஹால் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேருக்கு இரண்டு வாரம் இத்தகைய உணவும், இரண்டு வாரம் அதிகம் பதப்படுத்தாத உணவும் கொடுத்து, வேண்டுமளவு சாப்பிடச் சொன்னார்கள். பரிமாறியதில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் சமம். ஆனால் ஆலைத் தயாரிப்பு உண்ட நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அலமாரியில் இருந்தால் இரவு பத்து மணிக்கு அது கூப்பிடும். வாங்கும் இடத்தில் ஒருமுறை மறுப்பது, வீட்டில் தினமும் மறுப்பதைவிட எத்தனையோ சுலபம்.

நடையும் தூக்கமும்

நடை மட்டும் நடந்து எடையைக் குறைப்பது கடினம். 70 கிலோ உள்ளவர் அரை மணி நேரம் விறுவிறுவென்று நடந்தால் ஏறத்தாழ 130 கலோரி செலவாகும். ஒரு கைப்பிடி கடலையில் அது திரும்பிவிடும். நடந்ததற்குப் பரிசாகச் சாப்பிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. ஆனால் குறைத்த எடையைக் காப்பதற்கு உடலுழைப்பு மிகவும் தேவை. வாரம் 150 நிமிடத்தில் தொடங்கி 300 வரை கொண்டுபோங்கள். சாப்பிட்டதும் பத்துப் பத்து நிமிடமாக நடந்தாலும் கணக்கில் சேரும்.

வாரம் இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர் பாட்டில்கள் நிரப்பிய பையை இடுப்பு வரை இழுத்துத் தூக்குவது, படியில் நின்று குதிகாலை உயர்த்துவது. ஒவ்வொன்றும் 10 முறை வீதம் மூன்று சுற்று. கடைசி இரண்டு முறை சிரமமாக இல்லாவிட்டால் தூக்கும் சுமையைக் கூட்டுங்கள்.

தூக்கத்தை இந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை. 2010-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஒரே கலோரி சாப்பிட்டவர்கள் இரண்டு வாரம் எட்டரை மணி நேரமும், இன்னொரு இரண்டு வாரம் ஐந்தரை மணி நேரமும் படுக்கையில் இருந்தார்கள். இரண்டு முறையும் எடை ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. ஆனால் நன்றாகத் தூங்கியபோது 1.4 கிலோ கொழுப்பு போனது. தூக்கம் குறைந்தபோது 0.6 கிலோ மட்டும், மீதி தசையும் நீரும். பசியும் கூடியது. படுக்கப் போகும் நேரத்தை அரை மணி முன்னே நகர்த்துங்கள். இரவுக் கொறிப்புக்கும் அதிலேயே ஒரு பூட்டு விழும்.

எங்கே தவறுகிறது

வார இறுதியில். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் 500 குறைத்தால் 2,500. சனி, ஞாயிறு தலா 1,000 கூடினால் மிச்சம் 500. அது 65 கிராம் கொழுப்பு, எந்த எடை இயந்திரமும் காட்டாது. ஐந்து நாள் கடுமையாக இருப்பதால்தான் இரண்டு நாள் கட்டு அவிழ்கிறது. வார நாட்களில் 350 குறைத்து, வார இறுதியில் பழைய அளவோடு நிறுத்தினால் வாரம் 1,750 மிஞ்சும், மனமும் முறுக்கிக்கொள்ளாது.

விருந்தில். காலையிலிருந்து பட்டினி கிடந்து போகாதீர்கள். பசியோடு உட்கார்ந்தால் கணக்கெல்லாம் காற்றில் போகும். முந்தைய வேளையைப் புரதமும் காயுமாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பிடித்த ஒன்றை மனம் நிறையச் சாப்பிடுங்கள், சுமாரானதைத் தொடாதீர்கள். மறுநாள் எடை ஒன்றரைக் கிலோ கூடக் காட்டும். அவ்வளவும் கொழுப்பாக இருக்க வேண்டுமானால் வழக்கத்துக்கு மேல் 11,000 கலோரிக்கு மேல் சாப்பிட்டிருக்க வேண்டும். பெரும்பகுதி தண்ணீர்தான், மூன்று நான்கு நாளில் இறங்கிவிடும். மறுநாள் பட்டினி போட்டு ஈடுகட்ட நினைத்தால் மாலையில் மறுபடி கொட்டிக்கொள்வீர்கள். அடுத்த வேளையிலிருந்து வழக்கமான சாப்பாடு, அவ்வளவுதான்.

"இன்றைக்குக் கெட்டுவிட்டது, திங்கட்கிழமை பார்க்கலாம்" என்ற நினைப்பு, ஒரு துண்டு கேக்கைவிடப் பல மடங்கு சேதம் செய்யும். கேக் 350 கலோரியோடு முடிந்துவிடும். திங்கட்கிழமை வரையிலான நாலு நாள் முடியாது. லண்டனில் பிலிப்பா லாலியும் குழுவினரும் நடத்திய பழக்க ஆய்வில், ஒரு செயல் தானாக வருவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது; சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. எனவே மோசமான நாளுக்கென்றே ஒரு குறைந்தபட்சத் திட்டத்தை இப்போதே எழுதி வையுங்கள்: காலையில் எடை பார்ப்பது, ஒரு வேளையாவது புரதம், பத்து நிமிட நடை. காய்ச்சல், பயணம், வேலை நெருக்கடி எது வந்தாலும் இந்த மூன்று மட்டும். சிக்கல் வரும் இடங்களையும் வாக்கியமாக எழுதிவிடுங்கள்: "அலுவலகத்தில் இனிப்பு வந்தால் ஒன்று எடுத்து மேசையிலிருந்து நகர்ந்துவிடுவேன்." முடிவை அந்த நேரத்துக்கு விடாமல் முன்பே எடுத்து வைப்பதுதான் இதன் பலம்.

எடை நின்றுவிட்டால்

ஒரு வாரம் நிற்பது தேக்கம் ஆகாது. வாரச் சராசரி நான்கு வாரம் நகரவில்லை, இடுப்பளவும் நகரவில்லை என்றால்தான் தேக்கம். அப்போதும் சாப்பாட்டில் கை வைக்காமல் முதலில் ஏழு நாள் எல்லாவற்றையும் தராசில் எடைபோட்டு எழுதுங்கள். அளவு மெல்ல வளர்ந்திருப்பது பெரும்பாலும் அதில் தெரிந்துவிடும். அளவு சரியாகவே இருந்தால், குறைந்த உடலுக்குத் தேவையும் குறைந்துவிட்டது என்று பொருள். தினமும் 100 முதல் 150 கலோரி குறைப்பது, அல்லது 20 நிமிட நடையைக் கூட்டுவது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் எது பலன் தந்தது என்று தெரியாது, பசியும் மிஞ்சும். ஆறு மாதம் தொடர்ந்து குறைத்துச் சோர்ந்துபோனவர்கள் இரண்டு வாரம் எடை ஏறாத அளவுக்குச் சாப்பிட்டு இளைப்பாறலாம். அந்த இரண்டு வாரத்தின் கடைசித் தேதியை நாட்காட்டியில் குறித்துவிட்டுத் தொடங்குங்கள்.

இலக்கை எட்டிய பிறகு

2011-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், பத்து வார டயட்டில் எடை குறைத்தவர்களின் பசி ஹார்மோன்கள் ஒரு வருடம் கழித்தும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. எனவே முடிந்துவிட்டது என்று நோட்டை மூடும் நாள்தான் எடை ஏறத் தொடங்கும் நாள். அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய தேசிய எடைக்கட்டுப்பாட்டுப் பதிவேட்டில், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஒரு வருடமாவது காத்தவர்கள் பதிவு செய்தார்கள். தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள் என்பதால் இதை எல்லாருக்குமான விதியாகக் கொள்ள முடியாது. ஆனாலும் அவர்களில் நான்கில் மூன்று பேர் வாரம் ஒருமுறையாவது எடை பார்த்தார்கள், பத்தில் ஒன்பது பேர் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் உடலை அசைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

சாப்பாட்டை ஒரேயடியாகத் திறந்துவிடாமல், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாளுக்கு 100 கலோரி வீதம் கூட்டுங்கள். வாரச் சராசரி ஏறவும் இறங்கவும் செய்யாமல் நிற்கும் இடம் தெரிந்ததும் அங்கேயே நிறுத்துங்கள். பிறகு ஒரு எச்சரிக்கைக் கோடு: இலக்குக்கு மேல் 2 கிலோ. 76.5-இல் நின்றவர், வாரச் சராசரி 78.5-ஐத் தொட்ட அன்றே நோட்டையும் சமையல் தராசையும் வெளியே எடுத்து, முதல் இரண்டு வாரம் எழுதியதுபோல் மறுபடி எழுதத் தொடங்க வேண்டும். 2 கிலோவை இறக்க ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ ஆகும். 82-ஐ மறுபடி எட்டும்வரை எடை இயந்திரத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தவருக்கு, அதே வேலை மூன்று மாதத்துக்கு மேல் இழுக்கும்.